ரசமட்டம்

பாத்துமியில் மழைக்குப் பருவம் கிடையாது.
கருங்கடல் நினைத்தால் பெய்யும்,
மறந்துவிட்டால் தூறும்.
அதனால் எங்கள் படுக்கையறையின்
வடமேற்கு மூலையில் ஓதம் ஏறியபோது
நான் மழையைச் சந்தேகிக்கவில்லை.
ஊருக்கே பொதுவானதை யார் சந்தேகிப்பார்?

ஐந்தாம் மாடியைச் சந்தேகித்தேன்.
நாசிப்ரோலாவின் குளியலறை
அந்த மூலைக்கு நேர் மேலேகூட இல்லை,
இரண்டு முழம் தள்ளி.
தண்ணீர் நடக்கும் என்றேன்.

முதல் வருடம் உள்ளங்கை அளவு.
இரண்டாம் வருடம் அலமாரியை நகர்த்தினோம்;
மக்வாலாவின் கம்பளிக் கோட்டில்
பச்சையாய்ப் பூஞ்சணம்.
மூன்று தடவை பெயின்ட் அடித்தேன்.
மூன்று தடவையும் சுவர் அதைப் பொருக்காய் உதிர்த்துவிட்டுப்
பழைய வரைபடத்தையே விரித்தது,
ஓரமெல்லாம் உப்புப் பூக்க.

நாசிப்ரோலாவுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன்.
லிஃப்டில் அவள் இருந்தால் படியேறினேன்.
கட்டடக் கூட்டத்தில் எழுந்து
"சிலர் வீட்டுக் குழாய்" என்று பேசினேன்.
சிலர் யாரென்று
அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு
அவளே கதவைத் தட்டினாள். கையில் வாளி.
வாளியில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.
"வடிகுழியை அடைத்துவிட்டு
இதை என் குளியலறைத் தரையில் தேக்கி வைக்கிறேன்.
உன் சுவர் சிவந்தால்
செலவு என்னுடையது."

இரண்டு நாள் பார்த்தோம்.
மக்வாலா டார்ச் அடித்துக்கூடப் பார்த்தாள்.
மஞ்சள்தான். அதே தேநீர்க் கறை.

அப்புறம் ரொட்டி சுற்றும் அலுமினியத் தாளை
நாலு பக்கமும் இறுக்கி ஒட்டிவிட்டுப் போனாள்.
மறுநாள் பிரித்தால்
அறைப் பக்கம் காய்ந்திருந்தது,
சுவர்ப் பக்கம் முத்து முத்தாய் நீர்.
"உங்கள் மூச்சு இல்லை. உலர்த்தும் துணியும் இல்லை.
வெளியேயிருந்து வருகிறது."
துறைமுகத்தில் முப்பது வருடம்
கப்பல் அடித்தட்டில் கசிவு தேடியவள் அவள் என்பது
அன்றுதான் எனக்குத் தெரியும்.

மழையில்லாத ஒரு காலை,
அப்படியும் ஒன்று வந்தது,
தன் பால்கனியிலிருந்து ரப்பர் குழாயை இறக்கினாள்.
"கீழிருந்துதான் மேலே போக வேண்டும்.
மேலே ஆரம்பித்தால் எல்லாம் நனையும்,
எது குற்றவாளி என்று தெரியாது."
ஓரிடத்துக்குக் கால் மணி நேரம்.
பலகைகளின் இணைப்பு: ஒன்றுமில்லை.
ஜன்னலின் கீழ் விளிம்பு: இல்லை.
மேல் விளிம்பு.
இல்லை.
பிறகு ஏசி குழாய் நுழையும் துளை.
உள்ளே சுவரில் கைவைத்து நின்ற மக்வாலா
"வருது!" என்று கத்தினாள்.

அந்தத் துளை நான் போட்டது.
நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆகஸ்டில்,
மைத்துனனின் இரவல் டிரில்,
குட்டையான முக்காலி.
எட்டாத உயரத்துக்கு
அண்ணாந்து பிடித்துத் துளைத்ததில்
வெளிவாய் உள்வாயைவிட ஒரு விரல் உயரம்.
நாலு வருட மழையை
வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன்.

பழி ஓரிடம்.

பழைய துளையை அடைத்தோம்.
புதியதை வெளிப்பக்கம் தாழ்த்திப் போட்டோம்.
துளி உள்ளே வராமல் அங்கேயே சொட்ட
குழாய்க்கு ஒரு தொங்கல் வளைவு.
நனைந்த பூச்சைக் கான்கிரீட் தெரியச் சுரண்டினேன்.
"பெயின்ட்?"
"வெயில் வரட்டும். சுவருக்கு அவசரம் தெரியாது."

ஒரு பை மாண்டரின் பழத்தோடு
ஐந்தாம் மாடிக்குப் போனேன்.
சொல்ல வேண்டியதைத் தவிர
மற்றதெல்லாம் சொன்னேன்.
அவள் ஒன்றை உரித்துத் தின்று
புளிப்பு என்றாள்.
பிறகு, "நானும் ஒரு ஏசி வாங்கியிருக்கிறேன்.
துளை போட வருவாயா?"

ரசமட்டத்தோடு போனேன், உயரமான ஏணியோடும்.
குமிழி மெல்ல நகர்ந்து நின்றது.
பின்னால் கைகட்டி நின்றவள்
"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

எங்கள் மூலை இன்னும் காயவில்லை.
மார்ச்சில் மறுபடி கட்டடக் கூட்டம்.
சிலர் என்றது யாரையென்று
எழுந்து நின்று சொல்ல வேண்டும்.